கச்சான் காலத்தில் முதிய கமக்காரரின் பாதுகாப்பு

சித்திரை கழிந்து சிறுபோக வேலைகள் மும்முரமாகும் வேளையில், திருகோணமலைக் கரையோரத்திலே கச்சான் காற்றும் எழுகின்றது. உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் மரக்கறித் தோட்டஞ் செய்வோரும், கந்தளாய்க் குளத்து நீரை நம்பி வயல் செய்வோரும் இதனை நன்கறிவர். காலையில் நீர் கண்ட பாத்தி மாலைக்குள் வெடிப்பதும், கத்தரி இலை நண்பகலில் துவள்வதும் இக்காற்றின் வேலையே. பயிருக்கு இது செய்யுந் தீங்கைக் கமக்காரர் உடனே கண்டுகொள்கின்றனர். தமக்கு, சிறப்பாக அறுபது வயதைக் கடந்தோருக்கு, இது செய்யுந் தீங்கு அவ்வளவு எளிதிற் புலப்படுவதில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவுகளில் மழையைப் பொழிந்துவிட்டு, மத்திய மலைநாட்டைக் கடந்து கிழக்கே இறங்குகின்றது. ஈரம் இழந்த அக்காற்று 100 மீற்றர் இறங்குந்தோறும் ஏறக்குறைய 1 பாகை செல்சியசு வெப்பம் பெறும். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், கடலை அண்டியிருந்தும் உப்புவெளியிற் பல நாட்களில் கடற்காற்றின் குளிர்மை பிந்தியே கிட்டுகின்றது. வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 34, 35 பாகையை எட்டுவது இங்கு வழக்கமாகும்.

இக்காற்றில் ஒரு வஞ்சகமும் உண்டு. வியர்வை அரும்பியவுடன் அது உலர்ந்துவிடுகின்றது. உடம்பு நனையாததனால் தாம் வியர்க்கவில்லை என்று வேலை செய்பவர் எண்ணுவர். உண்மையில் உடலின் நீர் இடைவிடாது வெளியேறிக்கொண்டே இருக்கும். இளைஞருக்குத் தாகம் எடுத்து எச்சரிக்கை செய்யும். முதியோருக்கோ தாகவுணர்ச்சி மழுங்கிவிடுகின்றது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கும் ஆற்றலும், தோல் வியர்க்கும் ஆற்றலும், இருதயம் தோலுக்குக் குருதியைச் செலுத்தும் ஆற்றலும் வயதோடு குறைகின்றன. ஆகவே நாற்பது சிறுபோகம் கண்டவர் என்ற அனுபவம் இவ்விடயத்திற் காவலாகாது. “எனக்குப் பழகிய வெயில்” என்று சொல்பவரே முதலில் வீழ்வதுண்டு. காய்ச்சலாற் படுத்து ஒரு கிழமைக்குப் பின் எழுந்தவருக்கு முன்னைய பழக்கமும் பெரும்பாலும் போய்விடும். அவர் முதல் நாளிலேயே முழு வேலையிலும் இறங்குதல் தகாது.

நாற்றை மாலையில் நட வேண்டும், நட்ட கன்றுக்கு ஓலை நிழல் இட வேண்டும், நண்பகலில் நீர் பாய்ச்சினால் ஆவியாகி வீணாகும் என்பன கமக்காரர் அறியாதன அல்ல. கன்றுக்கு இத்துணை நிழல் தேடுபவர் தமக்கு ஒரு கொட்டில் போட்டுக்கொள்ளாமை வியப்பே. விடியற்காலையில் தொடங்கி பத்து மணிக்குள் வெயில் வேலையை முடித்து, மாலை நான்கு மணிக்குப் பின் மீண்டும் தொடங்குதல் நன்று. இடைநேரத்தில் விதை துப்புரவாக்கல், வெங்காயம் பிடி கட்டல் முதலிய வேலைகளை நிழலில் வைத்துக்கொள்ளலாம். வரம்போரத்தில் நான்கு கம்பு நாட்டிக் கிடுகு வேய்ந்தால் அதுவே போதும். தகரக் கொட்டில் மேற்பக்கத்து வெப்பத்தைக் கீழே கக்குமாதலால், அதன்மேலும் கிடுகு பரப்புதல் வேண்டும்.

தாகத்துக்குக் காத்திராமல், வேலை நேரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு கோப்பை நீர் அருந்துதல் வேண்டும். மோர், பழந்தண்ணீர், இளநீர் யாவும் நல்லனவே, வெறுந்தேநீரும் தீங்கன்று. கள்ளும் சாராயமும் உடல் நீரை மேலும் இழக்கச் செய்வன. சிறுநீர் கடுமஞ்சளாக இறங்குமாயின் குடித்த நீர் போதவில்லை என்பது பொருள். ஆயினும் இருதய நோய், சிறுநீரக நோய் உடையோர்க்கு நீரின் அளவையும் உப்பின் அளவையும் வைத்தியரே வரையறுத்தல் வேண்டும். சிறுநீரக நோயாளர் இளநீரையும் கேட்டே அருந்துக. சிறுநீர் பெருகுவதற்கான குளிசை உண்போர், குளிசையைத் தாமாக நிறுத்தாமல், வெயிற்காலம் தொடங்குமுன் வைத்தியரைக் கண்டு ஆலோசித்தல் அவசியம்.

தலையிடி, கெண்டைக்கால் பிடிப்பு, தலைச்சுற்று, ஓங்காளம் ஆகியவை முதலறிகுறிகள். உடனே நிழலில் இருத்தி, கைகால் முகம் நனைத்து, ஒரு லீற்றர் நீரிற் கரைத்த ‘ஜீவனி’யைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பேச்சுக் குழறல், ஆள் அடையாளம் தெரியாமை, தள்ளாட்டம், மயக்கம் என்பன தோன்றினால் அது வெப்பத்தாக்கு. உயிருக்கு ஆபத்தான நிலை. வியர்வை ஓடுகின்றதே என்று ஆறுதல் கொள்ளற்க. உழைப்பாளிக்கு வியர்த்தபடியே வெப்பத்தாக்கு வரலாம். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, நோயாளர் வண்டி வரும்வரை வாளாவிராமல் கிணற்று நீரை உடம்பெங்கும் ஊற்றி விசிற வேண்டும். சுட்ட உடம்பில் தண்ணீர் பட்டாற் சன்னி பிறக்கும் என்று அஞ்சுவோர் உளர்; அவ்வச்சத்தில் இழக்கப்படும் ஒவ்வொரு நிமிடமும் மூளையைக் கெடுக்கும். நினைவிழந்தவர் வாயில் நீரோ குளிசையோ இடலாகாது, ஒருக்களித்துக் கிடத்துக. காய்ச்சற் குளிசை இவ்வெப்பத்தைத் தணிக்காது.

பூச்சிநாசினி தெளித்தவர் வீழ்ந்தால் ஐயம் இரட்டிக்கும். சிலவகை நஞ்சு உடலில் ஏறினாலும் மிகுந்த வியர்வை, ஓங்காளம், தடுமாற்றம் உண்டாகும். வாய்நீர் வடிதலும் கண்மணி சுருங்குதலும் அதற்குரியன. தெளித்த மருந்தின் போத்தலையோ மேலுறையையோ வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதல் பேருதவியாகும். முதியோர் தெளிகருவி சுமப்பதைத் தவிர்ப்பதே மேல்.

தோட்டத்தில் மட்டுமே ஆபத்து உண்டு என எண்ணலாகாது. 2003ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் பிரான்சு நாட்டைத் தாக்கிய வெப்பத்தால் ஏறக்குறைய 15,000 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தோர். தனித்து வீட்டில் இருந்தபடியே இறந்தோர் பலர். உப்புவெளியிலும் இளையோர் கரையோர விடுதிகளுக்கும் வெளிநாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்ல, தாய் தந்தையர் தனித்திருக்கும் வளவுகள் உள்ளன. வெப்பத்தாக்கினால் மனம் கலங்கியவர் தம் நிலையைத் தாமே அறியார். பிறர்தாம் அறிய வேண்டும். ஆகையால் அயலவர் இருவர் முறைவைத்து, நண்பகலில் ஒருமுறையும் பொழுது சாயும் வேளையில் ஒருமுறையும் படலையைத் திறந்து சென்று, “அப்பு, தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேட்டு, மறுமொழி தெளிவாக வருகின்றதா என்பதையும் கவனித்து வருதல் நலம். குடத்தில் நீர் குறைந்துள்ளதா என்று பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நலம்.