படகுக்கு வந்த ஃபைபர், காலுக்கும்

கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் ஃபைபர் படகு தெரியாத பிள்ளை இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காரைக்கால் கரையில் அவை பெருகிவிட்டன. கண்ணாடி இழைப் பாய், அதன்மேல் ரெசின், இறுகுவதற்கு ஹார்டனர். ஓட்டை விழுந்தால் மணலில் கவிழ்த்துப் போட்டு ஒட்டிவிடுகிறார்கள். செயற்கைக் காலில், எஞ்சிய கால் நுழையும் கூடும் இன்று இதே பொருளில் உருவாகிறது.

அன்று செயற்கைக் கால் என்றால் மரம், தோல், இரும்பு. நம் உப்புக்காற்றில் இரும்பு துருவேறும். வேர்வை ஊறித் தோல் நாறும். அந்தக் காலோடு திருநள்ளாற்று வயலில் இறங்கவோ, பந்தியில் தரையில் உட்காரவோ முடியாது. 1960களின் இறுதியில் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம்சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர் பாதம்தான் வெறுங்காலோடு சேற்றில் நடக்க விட்டது. நம் மண்ணை அறிந்து செய்த கால் அது.

அடுத்தது எடை. ஐதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் பிள்ளைகள் மூன்று கிலோவுக்கு மேல் கனத்த காலிப்பரை, அதாவது காலைத் தாங்கும் சட்டத்தை, இழுத்து நடப்பதை அப்துல் கலாம் பார்த்தார். ஏவுகணைக்கான கலவைப் பொருளைக் கொண்டு அதை 300 கிராமாக்கினார்கள். செயற்கைக் காலுக்கும் அதே வழிதான்.

கூடு செய்வதைப் பார்க்க வேண்டும். எஞ்சிய காலில் மாவுக்கட்டுப் போட்டு அச்செடுத்து, அதனுள் மாவுக்கரைசலை ஊற்றி இறுக விடுகிறார்கள். எலும்பு உறுத்தும் இடத்தில் மாவு கூட்டி, பாரம் தாங்கும் இடத்தில் செதுக்குகிறார்கள். அந்த விரல்களில்தான் வித்தை எல்லாம். பிறகு கண்ணாடி இழை அல்லது கார்பன் இழை உறையை மாட்டி, பிளாஸ்டிக் பைக்குள் ரெசின் ஊற்றி, பம்பால் காற்றை உறிஞ்சுகிறார்கள். இறுகியபின் உள்ளே இருக்கும் மாவை உடைத்தெடுத்தால், மெல்லிய கூடு தயார்.

கார்பன் பாதம் மிதிக்கையில் வில்லாக வளைந்து, விடுகையில் உந்தித் தள்ளும். வெளிநாட்டுப் பாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் ரூபாய். 2025 ஜூலையில் டிஆர்டிஓவும் பீபிநகர் எய்ம்ஸும் வெளியிட்ட பாதம், 20,000 ரூபாய்க்குள் அடங்கும் என்கிறார்கள். 125 கிலோ வரை தாங்குமாம்.

ஆனாலும் காலை எடுத்த சில மாதங்களில் சதை வற்றி, கூடு தளர்ந்துவிடும். சர்க்கரை நோயால் மரத்த தோலுக்கு உராய்வு தெரியாது. புண் வந்த பிறகே தெரியும். கூட்டைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் 130 கிலோமீட்டர் தாண்டிப் புதுச்சேரிக்கு பஸ் ஏற வேண்டியிருந்தால் பலர் காலைப் பரணில் போட்டுவிடுவார்கள். விலை குறைவதைவிட, பட்டறை பக்கத்தில் இருப்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ரெசினில் கை பழகிய இளைஞர்கள் இந்தக் கரையில் நிறையப் பேர் இருக்கிறார்கள். முறையான பயிற்சி கொடுத்தால் அவர்கள் இந்த வேலைக்கும் வருவார்கள்.