வரவு எது, கடன் எது? – அயல்நாட்டுப் பிள்ளைகளின் டாலர்க் கணக்கு

நம் சங்கத்து ஆண்டு விழாவில் நாலு பெரியவர்கள் ஒரு பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பேச்சு சுற்றிச் சுற்றிப் பிள்ளைகளிடம்தான் வந்து நிற்கும். "உங்க பையன் எங்கே சார்?" "டெக்ஸாஸ்ல." "பொண்ணு?" "சிங்கப்பூர்." உடனே ஒருத்தர், "நாம வயித்தைக் கட்டிப் படிக்க வெச்சோம், சர்க்காரும் செலவு பண்ணிச்சு; பலன் அடுத்த தேசத்துக்குப் போச்சு" என்று குறைப்படுவார். இன்னொருத்தர், "அதான் டாலர் வருதே, அப்புறம் என்ன நஷ்டம்?" என்று வாயை அடைத்துவிடுவார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

நான் பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவன் அல்லன். மும்பையில் ஜவுளிக்கடை, கடை அடைத்த பிறகு புத்தகம், அவ்வளவுதான். ஆனால் பேரேடு எழுதிப் பழகியவனுக்கு ஒன்று தெரியும். கல்லாவில் விழுகிற பணமெல்லாம் லாபம் ஆகாது. விற்றுவந்த பணம் வேறு, கைமாற்றாக வாங்கிய பணம் வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினவன் கடையை மூடத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் டாலரையும் அப்படிப் பிரித்து எழுதிப் பார்ப்போம்.

முதல் பத்தி: திரும்பக் கேட்காத பணம்

பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இது. உலக வங்கியின் மதிப்பீட்டின்படி 2024ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 12,900 கோடி டாலர். உலகத்தில் எந்த நாட்டுக்கும் இவ்வளவு வருவதில்லை. அந்நியக் கம்பெனிகள் இங்கே போடும் நேரடி முதலீட்டைவிட இது அதிகம்.

இந்தப் பணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அனுப்பியவன் வட்டி கேட்கமாட்டான், அசலும் கேட்கமாட்டான். அப்பாவுக்கு ஆபரேஷன், தங்கைக்குக் கல்யாணம் என்றால் குறையாது, கூடும். நாம் எண்ணெயும் தங்கமும் இறக்குமதி செய்து உண்டாக்கும் பள்ளத்தில் பெரும்பகுதியை இதுதான் நிரப்புகிறது.

முன்பெல்லாம் இதில் வளைகுடா நாடுகளின் பங்கே பெரிது. ரிசர்வ் வங்கி எடுத்த கணக்கில், 2023-24ல் அமெரிக்காவிலிருந்து வந்தது 27.7 சதவீதம், ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வந்தது 19.2 சதவீதம். அதாவது உடல் உழைப்பாளியின் இடத்தைப் படித்தவன் பிடித்துக்கொண்டு வருகிறான். இதில் ஒரு சங்கதியைக் கவனிக்க வேண்டும். துபாய்க்குப் போனவன் பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுப் போகிறான், ஆகவே மாதா மாதம் அனுப்புகிறான். அமெரிக்கா போனவனோ குடும்பத்தோடு அங்கேயே வீடு வாங்குகிறான். இங்கே அப்பா அம்மா இருக்கும்வரை பணம் வரும். அதற்குப் பிறகு?

இரண்டாம் பத்தி: கைமாற்று

வெளிநாடுவாழ் இந்தியர் நம் வங்கிகளில் போட்டுவைக்கும் டெபாசிட் இது. 2025 மார்ச் முடிவில் 16,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. நம் ஆள் போட்டது என்பதால் இதையும் வரவு என்றே பலர் நினைக்கிறார்கள். இல்லை, இது கடன்.

அதை 1991 நமக்குக் காட்டியது. 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை ஏறியது. அங்கிருந்த நம் மக்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிர் பிழைத்து ஊர் திரும்பினார்கள், அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. அந்த நேரம் பார்த்து வெளிநாடுவாழ் இந்தியர் டெபாசிட்டை உருவ ஆரம்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பயந்தவன் எடுக்கத்தான் செய்வான். கையிருப்பு இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் போதும் என்ற நிலை வந்தது. மே மாதம் 20 டன் தங்கம் ஸ்விட்சர்லாந்து போயிற்று. ஜூலையில் சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் ஈடாக வைத்தார்கள். பம்பாயிலிருந்துதான் விமானம் ஏறியது. நகையை மடியில் கட்டிக்கொண்டு அடகுக்கடைக்குப் போகிறவன் யார் முகத்தையும் பார்க்காமல் நடப்பான். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அப்படித்தான் இருந்தது.

1998ல் பொக்ரான் சோதனைக்குப் பிறகு பொருளாதாரத் தடை வந்தபோது, ஸ்டேட் வங்கி 'ரிசர்ஜென்ட் இந்தியா' பத்திரம் வெளியிட்டு வெளிநாடுவாழ் இந்தியரிடம் 420 கோடி டாலர் திரட்டியது. தேசபக்தி என்று பேசிக்கொண்டோம். ஆனால் டாலருக்கு 7.75 சதவீத வட்டி கொடுத்தோம் என்பதும் கணக்கில் இருக்கிறது. 2013ல் ரூபாய் சரிந்தபோது ரகுராம் ராஜன் காலத்து ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்து, சுமார் 2,600 கோடி டாலரை மூன்று வருட டெபாசிட்டாக வரவழைத்தது. 2016ல் அதைத் திருப்பிக் கொடுத்தது. ஆபத்துக்கு உதவிய கைமாற்று, சந்தேகமில்லை. ஆனால் கைமாற்று வாங்கிக் குடும்பம் நடத்தலாமா?

மூன்றாம் பத்தி: தொழில் ஞானம்

இது எந்த வங்கி அறிக்கையிலும் வராது. தைவான் கதையைப் பாருங்கள். அந்த நாட்டுப் பட்டதாரிகளும் கூட்டம் கூட்டமாக அமெரிக்கா போனவர்கள்தாம். ஆனால் அரசாங்கம் 1980ல் சிஞ்சு என்ற ஊரில் விஞ்ஞானப் பூங்கா அமைத்து, வாருங்கள் என்று இடம் காட்டியது. சீனத்தில் பிறந்து, அமெரிக்காவில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியில் கால் நூற்றாண்டு வேலை பார்த்த மோரிஸ் சாங் என்பவரை 1985ல் அழைத்துவந்தது. 1987ல் அவர் தொடங்கிய டி.எஸ்.எம்.சி. கம்பெனிக்கு ஏறக்குறையப் பாதி முதலை அரசே போட்டது. இன்று உலகத்தின் மிக நுட்பமான சில்லுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தயாராகின்றன. ஒரு மனிதர் கொண்டுவந்தது டாலர் அல்ல, கைத்தேர்ச்சி.

நம் நாட்டிலும் இது நடக்காமல் இல்லை. அதே டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1985ல் பெங்களூரில் கால் வைத்தது. அமெரிக்கக் கம்பெனிகளில் மேலே வந்த நம்மவர்கள் "எங்க ஊர் ஆட்கள் வேலையை முடிச்சுக் கொடுப்பாங்க" என்று சொன்ன சொல், நம் மென்பொருள் தொழிலுக்குப் பெரிய முதல். வியாபாரத்தில் ஜாமீன் சொல்பவர் இருந்தால் சரக்கு தானாக நகரும். ஆனால் சில்லுத் தொழிலில் நாம் இடம் காட்டத் தாமதித்தோம். 2024 பிப்ரவரியில்தான் குஜராத்தில் தோலேராவில் டாடா ஆலைக்கு அனுமதி கிடைத்தது. அதற்கும் தொழில்நுட்பக் கூட்டாளி ஒரு தைவான் கம்பெனி.

ஐந்தொகை

பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி 1970களில், வெளியேறிய படிப்பாளிகளின் வருமானத்தில் ஒரு வரி வாங்கித் தாய்நாட்டுக்குத் தரலாம் என்று யோசனை சொன்னார். நடைமுறைக்கு வரவில்லை. போகிறவனைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆனால் வாசல் எப்போதும் திறந்தே இருக்கும் என்றும் நம்பக்கூடாது. 2025 செப்டம்பரில் அமெரிக்கா புதிய எச்-1பி விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததும் எத்தனை வீடுகளில் அன்றிரவு தூக்கம் போயிற்று என்பது நமக்குத் தெரியும்.

ஆகவே கணக்கு இப்படி முடிகிறது. முதல் பத்திப் பணம் குடும்பத்தைக் காக்கும். இரண்டாவது, கஷ்ட காலத்தில் கை கொடுக்கும், ஆனால் பயம் வந்தால் ஓடிவிடும். மூன்றாவதுதான் பல பேருக்கு வேலை கொடுக்கும். அதுவும், திரும்பி வருகிறவனுக்கு ஆய்வுக்கூடமும் மரியாதையும் காத்திருந்தால் மட்டுமே.

அடுத்த தடவை பையன் லீவில் வரும்போது, "எவ்வளவு சேத்து வெச்சிருக்கே?" என்று கேட்பதோடு, "அங்கே என்ன கத்துக்கிட்டே? அதை இங்கே செய்ய என்ன வேணும்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். அவன் சொல்லும் பதிலில், நாம் சர்க்காரிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கும்.