காவல் நாயும் விதைநீக்கமும்

அம்பாறை மாவட்டத்துச் சாகாமக் குளத்து நீரை நம்பி விளையும் வயல்வட்டைகளில், கதிர் முற்றும் காலத்தில் வாடியில் இராத்தங்கும் விவசாயிக்கு, யானையோ பன்றியோ நெருங்குவதை முதலில் அறிவிப்பது நாயேயாதலால், அதன் விதைகளை அகற்றிவிட்டால் காவற்குணமும் உடன்போய்விடுமோ என்ற அச்சம் அவ்விடத்தில் மூடநம்பிக்கையன்று. ஜீவனத்தைப் பற்றிய கவலையாகும். பயிருக்கும் கால்நடைக்கும் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கமே அனுமதித்திருப்பதால், கல்முனை முதல் பொத்துவில் வரையுள்ள முஸ்லிம் விவசாயிகளுக்கும் இக்கவலை உரியதே.

விதைகளில் ஊறும் டெஸ்டொஸ்டிரோன் என்னும் சுரப்பு, பெட்டையின் வாசனையைத் தேடி அலைவதையும், பிற கடுவன்களோடு கடித்துக் குதறிக்கொள்வதையும், கண்ட இடமெல்லாம் சிறுநீர் தெளிப்பதையும் தூண்டுகிறது. அந்நியரைக் கண்டு குரைக்கும் சுபாவமோ பெரும்பாலும் பிறவியாலும் பழக்கத்தாலும் அமைவது. ஆகவே விதை நீங்கிய நாயும் காவல் நிற்கும். அலைச்சல் குறைவதால் வீதியில் அடிபடும் அபாயமும் தணியும். ஆனால் பயத்தினால் கடிக்கும் நாயைச் சாந்தப்படுத்தலாமென்று இதைச் செய்வது தவறு. அதன் கலவரம் சில வேளை அதிகரிக்கவும் கூடும்.

சரீர விஷயத்தில் லாபநட்டங்கள் கலந்தே இருக்கின்றன. விதைப் புற்று இல்லாதொழிகிறது. முதுமையில் புரஸ்டேட் சுரப்பி வீங்குவதும் தடுக்கப்படுகிறது. எனினும் உடல் பருக்க ஏதுவாகிறது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 35 இன நாய்களை ஆராய்ந்து 2020 இல் வெளியிட்ட முடிவின்படி, பேரினங்கள் பலவற்றில் இளம்வயது விதைநீக்கம் மூட்டு நோய்களைப் பெருக்குகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்போர் பொறுத்திருப்பதே விவேகம். ஒரு விதை வயிற்றினுள்ளேயே தங்கிவிட்ட நாய்க்கு மட்டும் தயக்கத்துக்கு இடமில்லை. அவ்விதை புற்றாக மாறும் அபாயம் மிகுதியாகையால் அகற்றியேயாக வேண்டும்.

தெருநாய்களைக் கொல்லும் வழக்கத்தை இலங்கை அரசு 2006 இல் கைவிட்டபின், குட்டிகளின் பெருக்கத்தைத் தடுக்கக் கருத்தடையே வழியாயிற்று. எனினும் ஒரு கடுவனை அடக்கினால் அயலிலுள்ள மற்றொன்று அதன் வேலையைச் செய்துவிடுமாதலால், பெட்டைகளுக்குக் கருத்தடை செய்விப்பதே பெரும்பயன் தருவது. விசர்நாய்க்கடித் தடுப்பூசிக்கு விதைநீக்கம் ஈடாகாது. ஊசியை ஆண்டுதோறும் போடுவித்தேயாக வேண்டும்.

எனவே, ஊர்சுற்றிச் சண்டையிட்டுக் காயத்தோடு திரும்பும் வளர்ந்த கடுவனுக்கு விதைநீக்கம் செய்விப்பது தயை என்றே நான் கருதுகிறேன். வாடியை விட்டகலாத நாய்க்கு அவசரமில்லை. செய்விப்பதானால் அறுவடை முடிந்த ஓய்வுக் காலமே உகந்தது. மிருக வைத்தியர் மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையின் காயம் ஆறும் 10 முதல் 14 நாட்கள் வரை நாய் சேற்றிலும் நீரிலும் இறங்கலாகாது. எஞ்சிய விந்தணுக்கள் உடலில் தங்கியிருக்கக்கூடுமாதலால், ஒரு மாத காலமேனும் அதைப் பெட்டைகளிடம் அண்டவிடவும் கூடாது.