பழைய வரி வரவும் புதிய வரி முறையும்

தமிழ்நாட்டின் கோவை மாவட்டமும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டமும் சந்திக்கும் எல்லையில் உள்ள சிற்றூர் வேலந்தாவளம். மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்கின் ஆவணங்களைச் சரிபார்க்க அங்கே வணிக வரிச் சோதனைச் சாவடி இயங்கி வந்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் கேரளம் இத்தகைய சாவடிகளை மூடியது. சாவடியை மூடுவது எளிது. ஆனால் அதற்கு முன்பே வரி செலுத்தப்பட்டுக் கடைகளிலும் கிடங்குகளிலும் இருந்த சரக்கின் கணக்கை முடிப்பது எளிதாக இருக்கவில்லை. அக்கணக்கு நாடெங்கும் உயர் நீதிமன்றங்களை எட்டி, இறுதியில் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

வரி வரவு என்பது என்ன?

கொள்முதலின்போது செலுத்திய வரியை, விற்பனையின்போது செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் வசதியே உள்ளீட்டு வரி வரவு. மத்திய உற்பத்தி வரியில் இக்கொள்கை 1986ஆம் ஆண்டில் 'மோட்வாட்' என்னும் பெயரில் புகுந்தது. மதிப்புக் கூட்டு வரியின் வாயிலாக மாநிலங்களிலும் அது பரவியது. கேரளம் 2005இலும் தமிழ்நாடு 2007இலும் அவ்வரியை ஏற்றன.

எடுத்துக்காட்டாக, ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு 12.5 விழுக்காடு உற்பத்தி வரி செலுத்தப்பட்டிருப்பின், அது 12,500 ரூபாய். 2017 ஜூலைக்குப் பின் அச்சரக்கை விற்கும் வணிகர் புதிய வரியை முழுமையாகச் செலுத்த வேண்டும். பழைய 12,500 ரூபாய் வரவாகக் கிடைக்காவிடில், ஒரே பொருளின் மீது வரிச்சுமை இருமுறை விழும். இதைத் தவிர்க்கவே மத்திய சட்டத்தின் 140ஆம் பிரிவு இடைமாற்ற ஏற்பாடுகளைச் செய்தது.

எல்லை வணிகத்துக்குத் தனிச் சிக்கலும் இருந்தது. 'சி' படிவத்தின் பேரில் 2 விழுக்காடு மத்திய விற்பனை வரியுடன் கோவையிலிருந்து வாங்கிய கேரள வணிகருக்கு அவ்வரி வரவாகக் கிடைக்காது. விற்றவருக்கோ, வாங்கியவரிடமிருந்து படிவம் வந்து சேராதவரை, அதற்குரிய தொகையைப் புதிய கணக்குக்குக் கொண்டு செல்ல இயலாது. படிவம் அளித்த பின் பழைய சட்டப்படி திரும்பப் பெறலாம்.

கெடுவும் கணினியும்

பழைய வரவைக் கோருவோர் 'டிரான்-1' படிவத்தை இணையதளத்தில் 90 நாட்களுக்குள் அளிக்க வேண்டும் என 117ஆம் விதி கூறியது. இக்கெடு பின்னர் 2017 டிசம்பர் 27 வரை நீட்டிக்கப்பட்டது. இணையதளம் புதியது; பயனீட்டாளர்களும் புதியவர்கள். படிவம் ஏறவில்லை என்றும், பதிந்த பிழையைத் திருத்த வழியில்லை என்றும் முறையீடுகள் பெருகின. தொழில்நுட்ப இடர்ப்பாட்டை மெய்ப்பிப்போருக்கு மேலும் அவகாசம் அளிக்க 2018 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. எனினும் கணினிப் பதிவில் தடயம் இல்லாதோர் வெளியே நிற்க நேர்ந்தது.

உரிமையா, சலுகையா?

வழக்குகளின் மையக் கேள்வி ஒன்றே: வரி வரவு வணிகரின் சொத்துரிமையா, அரசு நிபந்தனையுடன் அளிக்கும் சலுகையா? உச்ச நீதிமன்றமே இருவகையாகவும் பொருள்படத்தக்க தீர்ப்புகளை வழங்கியிருந்தது. ஐஷர் மோட்டார்ஸ் வழக்கில் (1999), முறைப்படி சேர்ந்த வரவைப் பின்னர் வந்த விதியால் பறிக்க இயலாது என்றது. தமிழ்நாட்டைச் சார்ந்த ஜெயம் கம்பெனி வழக்கில் (2016), வரவு சலுகையே என்றும், நிபந்தனைகளுக்கு உட்பட்டே கிடைக்கும் என்றும் கூறியது.

உயர் நீதிமன்றங்கள் பிரிந்தன. குஜராத் உயர் நீதிமன்றம் 2019இல் சித்தார்த் என்டர்பிரைசஸ் வழக்கில் வரவை உரிமை என ஏற்றது. தில்லி உயர் நீதிமன்றம் 2020 மே 5 அன்று, கெடு வழிகாட்டும் தன்மையதே என்று கூறி, 2020 ஜூன் 30 வரை படிவம் அளிக்க இசைந்தது. அதே மாதத்தில், கெடு விதிக்கும் அதிகாரத்தை 2017 ஜூலை 1 முதலே உறுதிசெய்யும் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. ஜூனில் தில்லித் தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலை 13 அன்று பி.ஆர். மணி எலெக்ட்ரானிக்ஸ் வழக்கில், கெடு கட்டாயமானது என்று தீர்ப்பளித்தது. நாடு முழுமைக்கும் ஒரே வரி என்ற நோக்கில் அமைந்த சட்டம், வணிகரின் மாநிலத்தைப் பொறுத்து வெவ்வேறு பயன் தரும் நிலை உருவாயிற்று.

உச்ச நீதிமன்றத்தின் வழி

பில்கோ டிரேட் சென்டர் வழக்கில் 2022 ஜூலை 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இப்பிணக்குக்கு நடைமுறைத் தீர்வு கண்டது. வழக்குத் தொடுத்தவர், தொடுக்காதவர் என்ற வேறுபாடின்றி, பாதிக்கப்பட்ட பதிவு பெற்ற வணிகர் அனைவருக்கும் இணையதளத்தை இரு மாதங்கள் திறக்கப் பணித்தது. ஆயத்தப் பணிக்குக் கால நீட்டிப்புப் பெற்று, 2022 அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை அது திறந்திருந்தது. கோரிக்கைகளின் உண்மையைச் சரிபார்க்க அதிகாரிகளுக்கு 90 நாட்கள் தரப்பட்டன.

உரிமையா, சலுகையா என்ற கேள்விக்கு இவ்வாணை விடை கூறவில்லை. வாயிலை மீண்டும் திறந்ததோடு நின்றது. ஐந்து ஆண்டுகள் நீதிமன்றங்களில் கழிந்த பின்னர் கிடைத்த இரண்டு மாதங்கள், தொடக்கத்திலேயே பிழை திருத்தும் ஏற்பாட்டுடன் வழங்கப்பட்டிருப்பின் பெரும்பாலான வழக்குகள் எழுந்தே இரா. வரிச் சீர்திருத்தத்தில் புதிய விகிதங்களை வகுப்பதில் காட்டப்படும் அக்கறை, பழைய கணக்கை முடிப்பதிலும் காட்டப்பட வேண்டும் என்பதே நிர்வாகம் பெறத்தக்க பாடமாகும்.