குளிர்கால மீன்தொட்டி: மின்செலவைக் குறைக்கும் வழிகள்

மெல்பேர்னில் குளிர்கால மின்பட்டியலைக் கண்டதும், மீன்தொட்டியின் சூடேற்றியை இரவில் நிறுத்திவைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. இது தவிர்க்கப்பட வேண்டியது. கப்பி, நியோன் டெட்ரா, ஏஞ்சல் போன்ற வெப்பவலய மீன்களுக்கு ஏறத்தாழ 24 முதல் 26 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீர் தேவை. வெப்பநிலை இரவில் இறங்கிப் பகலில் ஏறினால் அவை நோயுற்று மடியக்கூடும். விக்டோரியாவின் 1986ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் மீன்களுக்கும் பொருந்தும்.

செலவைக் கணக்கிடுதல்

100 லீட்டர் தொட்டிக்குப் பொதுவாக 100 வாட் சூடேற்றி பொருத்தப்படுகிறது. குறித்த வெப்பநிலையை நீர் எட்டியதும் அது தானாகவே நின்றுவிடும். நாளொன்றில் பாதி நேரம் இயங்கினால் 1.2 கிலோவாட் மணி செலவாகும். மின்பட்டியலில் உள்ள ஓர் அலகின் விலையால் இதனைப் பெருக்கினால் நாட்செலவு தெரியவரும்.

செலவைக் குறைத்தல்

• தொட்டியை மூடிவையுங்கள். ஒரு லீட்டர் நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 0.7 கிலோவாட் மணி வெப்பம் வெளியேறுகிறது.
• தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் ரெஜிபோம் தகடு பொருத்துங்கள்.
• சாளரத்திற்கும் வாயிலுக்கும் அருகே தொட்டியை வைக்காதீர்கள்.
• அறை 17 பாகையில் இருக்கையில், நீரை 27 பாகைக்குப் பதில் 25 பாகையில் வைத்தால் வெப்ப இழப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மாற்றத்தைச் சில நாள்களில் படிப்படியாகச் செய்யுங்கள்.
• விளக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். வடிகட்டியை மட்டும் நிறுத்தாதீர்கள். நீரைத் தூய்மைப்படுத்தும் நுண்ணுயிர்கள் அதில் வாழ்கின்றன.
• புதிதாக மீன் வளர்க்க விரும்புவோர் தங்கமீனைத் தெரிவு செய்யலாம். வீட்டினுள் அதற்குச் சூடேற்றி தேவைப்படுவதில்லை.

பாதுகாப்பு

நீர் மாற்றுவதற்கு 15 நிமிடங்கள் முன்னரே சூடேற்றியின் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். சூடான கண்ணாடி நீருக்கு வெளியே வந்தால் வெடிக்கக்கூடும். மின்கம்பியில் வழியும் நீர் செருகியை அடையாதிருக்க, கம்பி செருகிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறுமாறு அமையுங்கள். மின்தடை ஏற்பட்டால் தொட்டியைப் போர்வையால் சுற்றிவையுங்கள்.

வளர்க்க இயலாத மீன்களைக் கடைக்கோ வேறு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள். ஓடையிலோ ஏரியிலோ விடுவது குற்றமாகும்.

உதவி

ஓய்வூதியச் சலுகை அட்டை அல்லது சுகாதாரப் பராமரிப்பு அட்டை உடையோர் மின்கட்டணச் சலுகை பெறலாம். அட்டை விவரத்தை உங்கள் மின்வழங்கல் நிறுவனத்தில் பதிவு செய்துள்ளீர்களா எனச் சரிபாருங்கள். தமிழில் உரையாட மொழிபெயர்ப்பாளர் தேவைப்படின் 131 450 என்னும் இலக்கத்தை அழையுங்கள்.