கட்டிலை வெறுத்த தளபதி

1947-ல் தேசம் பிரிந்தபோது ராணுவமும் பிரிந்தது. பலூச் ரெஜிமெண்டைச் சேர்ந்த முகம்மது உஸ்மானைப் பாகிஸ்தான் அழைத்தது. அவரோ இந்தியாவே தமது தேசம் என்று டோக்ரா ரெஜிமெண்டில் சேர்ந்தார்.

அவ்வாண்டு டிஸம்பரில், ஜம்முப் பிரதேசத்தில் நௌஷேராவுக்கு அருகிலுள்ள ஜாங்கர் எதிரிகள் வசமாயிற்று. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லையென்று பிரிகேடியர் உஸ்மான் சபதம் பூண்டார். மலைநாட்டு மார்கழிக் குளிரிலும் தரையே அவருக்குப் படுக்கையாயிற்று. 1948 பிப்ரவரியில் நௌஷேராவைக் காத்தார். மார்ச்சில் ஜாங்கரை மீட்டார். அதன் பிறகே கட்டில் வந்தது.

ஜூலை 3-ந் தேதி, அந்த ஜாங்கரிலேயே பீரங்கிக் குண்டுக்கு இரையானார். 36 வயது நிறைய 12 நாட்களே இருந்தன. டில்லியில் நடந்த இறுதிச் சடங்கில் கவர்னர்-ஜெனரல் ராஜாஜியும் பண்டித நேருவும் கலந்துகொண்டனர். மகாவீர் சக்கரம் அளிக்கப்பட்டபோது அதைப் பெற்றுக்கொள்ள அவர் இல்லை.

மதத்தைக் கொண்டு மண்ணைப் பங்கிட்ட அந்நாளில், மனச்சாட்சியைக் கொண்டு தேசத்தைத் தேர்ந்த இவ்வீரரின் கதையை நம் குழந்தைகளுக்குச் சொல்லி வைப்போமாக!