போர்க்களத்துக்கு முன் முகங்கள்

1799 மே 4ஆம் திகதி மைசூரின் தலைநகர் சீரங்கப்பட்டணம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மைசூர் மன்னர் திப்பு சுல்தான் கோட்டைக்குள்ளேயே மாண்டார். அயர்லாந்து ஓவியர் தோமஸ் ஹிக்கி அப்போது மதராஸில் இருந்தார். அந்தப் போரை ஏழு பெரிய ஓவியங்களாகத் தீட்ட எண்ணி, களம் கண்ட ஆங்கிலேய அதிகாரிகளை ஒவ்வொருவராக எதிரில் இருத்தினார். ஐம்பதுக்கு மேற்பட்ட முகங்கள், கரியாலும் சுண்ணக்கட்டியாலும்.

லண்டனில் ஓவியர் ஜோன் கொப்ளி இதே வேலையை எண்ணெய் வண்ணத்தில் செய்தவர். கிப்ரால்டர் முற்றுகை ஓவியத்துக்காக 1787இல் ஜெர்மனிக்கே போய், அந்த முற்றுகையில் போரிட்ட ஹனோவர் படை அதிகாரிகளின் தலைகளைத் தீட்டி வந்தார். ஒரே கன்வசில் இரண்டு தலைகள். முகத்தில் தூரிகை நின்று நிதானமாக உழைத்திருக்கிறது. கழுத்துக்குக் கீழே விரைந்து கடந்துவிடுகிறது. பெருஞ்சித்திரத்தின் புகையிலும் நெருப்பிலும் அந்த ஆளை அடையாளம் காட்டப்போவது முகம்தானே.

கொப்ளியின் ஓவியம் 1791இல் முடிந்தது. ஹிக்கியின் திட்டம் நிறைவேறவில்லை; முகங்களே எஞ்சின. அவர் 1824இல் மதராஸில் காலமானார்.

இன்று பார்க்கும் நம் கண், சீரங்கப்பட்டணத்தை வென்ற ஆங்கிலேயப் படையில் நடந்த மதராஸ் சிப்பாய்களையும் தேடும். ஹிக்கி தீட்டிய அதிகாரிகளின் இந்த வரிசையில் அவர்களுக்கு ஒரு தாள்கூட இல்லை.